ஜாம்பசி போக ஆசைப்பட்டேன், காவிரிக்குப் போனேன்

நண்பர்களே, முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டு விடுகிறேன். எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒரு கம்பிச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. பந்தல் போட வாங்கியதில்லை. யானைக்காக வாங்கியது.

பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பென்னாகரம் பக்கம் காட்டை ஒட்டிய எங்கள் பூர்வீக நிலம் நாலு ஏக்கரில் ரசாயனம் இல்லாமல் விவசாயம் செய்கிறேன். ராகி, அதில் சாலுக்குச் சால் அவரையும் துவரையும், கொஞ்சம் சாமை, தண்ணீர் இருந்தால் நிலக்கடலை. மானாவாரிதான் பெரும்பாலும்.

2022 டிசம்பரில், ராகி அறுக்க இன்னும் இரண்டு நாள் இருக்கும்போது, ராத்திரி ஐந்து யானைகள் வந்தன. விடிந்து போய்ப் பார்த்தால் ஒன்றரை ஏக்கரும் பாய் விரித்த மாதிரி கிடந்தது. பதினாறு மூட்டை எதிர்பார்த்தேன். தேறியது இரண்டு. அவரைக்கொடி எல்லாம் காலடியில் நசுங்கிப் போச்சு. வரப்பில் உட்கார்ந்து அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. முப்பது வருஷம் மற்றவர்களுடைய பயிர்க்கடன் பாக்கியைக் கணக்குப் பார்த்தவன் நான். சொந்தப் பயிர் போவது என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரர் வந்து பார்த்தார். "சார், மோட்டார் ரூம்ல இருந்து ஒரு லைன் இழுத்து விட்டா முடிஞ்சுது. ராத்திரி பத்து மணிக்குப் போட்டு விடியக்காலம் நிறுத்திடலாம். இங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார். அந்த வாரமே பென்னாகரம் போய்க் கம்பி வாங்கி வந்தேன். தப்பு என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

என் வீட்டம்மாதான் தடுத்தார். "ராத்திரி ரெண்டு தடவ எழுந்து வெளிய போறவரு நீங்கதான். மொதல்ல நீங்கதான் அதுல விழுவீங்க" என்றார். அந்தப் பேச்சில் கம்பி கொட்டகைக்குப் போனது.

மூன்று மாதம் கழித்து, 2023 மார்ச் 7 அன்று, எங்கள் மாவட்டத்திலேயே மாரண்டஹள்ளி பக்கம் காளிகவுண்டன்கொட்டாயில் ஒரு விவசாய நிலத்தில் சட்டவிரோதமாக மின்சாரம் விட்ட கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பித்து, செத்துக் கிடந்தவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிலத்துக்காரர் கைதானார். எல்லாரும் அவரைத் திட்டினார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அதே மாதிரிக் கம்பி என் கொட்டகையில் தொங்கியது.

லுசாகாவிலிருந்து ஒரு வீடியோ

என் அண்ணன் மகன் ஜாம்பியா நாட்டில், லுசாகாவில் வேலை பார்க்கிறான். 2024 பிப்ரவரியில் ஒரு வீடியோ அனுப்பினான். பெரிய ஆறு, நடுவில் திட்டுத்திட்டாக நாணல், தண்ணீரில் நீர்யானைக் கூட்டம், கரையில் யானைகள் வரிசையாகக் குடிக்கின்றன. "சித்தப்பா, இது ஜாம்பசி ஆறு. நான் நிக்கிற கரை ஜாம்பியா, லோயர் ஜாம்பசி தேசியப் பூங்கா. எதிர்க்கரை ஜிம்பாப்வே, அங்க மானா பூல்ஸ் தேசியப் பூங்கா. சித்தியையும் கூட்டிட்டு ஒரு தடவ வாங்க" என்று குரல் போட்டிருந்தான்.

மானா என்றால் அங்குள்ள ஷோனா மொழியில் நான்கு. ஆறு பழைய தடத்தை விட்டு விலகும்போது விட்டுச் சென்ற நான்கு பெரிய மடுக்கள். மழை இல்லாத மாதங்களில் சுற்றுக் காட்டில் குட்டைகள் எல்லாம் வற்றிவிடும். அப்போது யானை, எருமை, மான், அவற்றைத் தின்ன வரும் சிங்கம் எல்லாம் இந்த மடுக்களையும் ஆற்றையும் தேடி வரும். 1984-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மேலே கரிபா அணை கட்டிய பிறகு பழைய மாதிரி வெள்ளம் வருவதில்லையாம். ஆறு நிரம்பி வழிந்து மடுவை நிரப்புவது குறைந்துவிட்டதாம்.

எனக்கு ஆசை வந்தது. விமான டிக்கெட், விசா, தங்குகிற செலவு எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். நாலு வருஷ ராகி. தாளை மடித்து வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இரண்டு கரை, இரண்டு அரசு, நடுவில் ஒரு ஆறு, மேலே அணை, கோடையில் மடுவைத் தேடி வரும் யானை. இதே கதை நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இல்லையா? ஒகேனக்கல்லுக்கு நூறு தடவை போயிருப்பேன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டு, பரிசலில் ஒரு சுற்று சுற்றித் திரும்பியதோடு சரி. அருவிக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அருவிக்கு மேலே

அருவிக்கு மேலே இருப்பது காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காப்புக்காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரில் தமிழக அரசு சரணாலயமாக அறிவித்தது. நம் மாநிலத்தின் 17-வது வனவிலங்கு சரணாலயம். இதற்கு வடக்கே 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு சரணாலயம் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம், 1987-லிருந்து. அங்கிருந்து மாதேஸ்வரன் மலை, பிலிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் என்று நீலகிரி வரைக்கும் காடு தொடர்கிறது. யானைக்கு இது எல்லாம் ஒரே ஊர். மாவட்டம், மாநிலம் என்று பிரித்தது நாம்தான்.

2024 ஏப்ரல் கடைசி வாரம், எங்கள் குழுவில் ஆறு பேர் கிளம்பினோம். வனத்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு வனக்காப்பாளரின் துணையோடுதான் போனோம். பக்கத்துக் கொல்லைக்காரரையும் கூப்பிட்டேன். "யானைய நான் வீட்ல இருந்தே பாக்கறேன் சார், எதுக்குக் காசு குடுத்துப் போகணும்?" என்று வர மறுத்துவிட்டார்.

அது கடுமையான வறட்சி வருஷம். அருவி மெலிந்து கிடந்தது. பாறை எல்லாம் எலும்பு மாதிரி வெளியே தெரிந்தது. ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல். அன்றைக்கு வெறும் கல்தான் இருந்தது, புகை இல்லை.

ஆனால் மேலே போகப் போக நீர் நிற்கிற மடுக்கள் வந்தன. கரையில் நீர்மருது மரங்கள், நாலு பேர் கைகோர்த்தாலும் கட்ட முடியாத அடிமரம். வெளியே வெயில் கொளுத்தும்போது அதன் அடியில் குளிர்ச்சி. காப்பாளர் தம்பி மேலே கை காட்டினார். கிளை நடுவில் இலையும் குச்சியும் வைத்த பெரிய கூடு. பக்கத்திலேயே பூனை அளவுக்கு ஓர் அணில், சாம்பல் நிறம், நீள வால். நரை அணில் என்கிறார்கள். இதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் தனிச் சரணாலயமே இருக்கிறது. நம் மாவட்டத்து ஆற்றங்கரையிலும் அது வாழ்கிறது என்று எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. ஆற்றங்கரை மரங்கள் ஒன்றோடொன்று கிளை கோர்த்து நின்றால்தான் அது வாழும். தரையில் இறங்கி நடக்கிற பிராணி இல்லை. நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை அறுந்த மாதிரி.

கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் பாறையில் உட்கார்ந்தோம். முதலில் கண்ணில் பட்டது முதலை. எதிர்ப்பாறையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தது. அப்புறம் மடுவில் ஐந்தாறு தலைகள் எழும்பின. நீர்நாய்க் குடும்பம். ஒன்று மீனைக் கவ்வி வந்து கல்லில் வைத்துக் கடித்தது, குட்டிகள் கத்திக்கொண்டு பங்குக்கு வந்தன. மெல்லிய ஓடு கொண்ட பெரிய ஆமையும் இங்கே உண்டு. எங்களுக்கு அதன் மூக்கு நுனி மட்டும் காட்டிவிட்டு முங்கியது. கொம்பு நான்கு உள்ள சின்ன மான் இந்தக் காட்டில் இருக்கிறது. நாங்கள் பார்க்கவில்லை.

பரிசல்காரர் எங்கள் வயதுக்காரர். மீனைப் பற்றிக் கேட்டேன். "எங்கப்பா காலத்துல ஆள் உசரத்துக்கு மீன் வரும் சார். வெடி போட்டுப் போட்டு எல்லாம் போச்சு" என்றார். அவர் சொன்னது மஹ்சீர் வகையாக இருக்க வேண்டும். முதுகு தூக்கிய அந்த மஹ்சீர் காவிரியையும் அதன் கிளையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நாட்டு விதை போன கதையேதான். விதையாவது ஒரு பாட்டியின் அடுக்குப் பானையில் மிச்சம் இருக்கும். இந்த மீனுக்கு இந்த ஆறு ஒன்றுதான் பானை.

லத்தியில் கிடைத்தது

ஆற்றிலிருந்து கொஞ்சம் உள்ளே யானைத் தடம். நேற்றைய லத்தி கிடந்தது. காப்பாளர் தம்பி குச்சியால் பிரித்துக் காட்டினார். புளியங்கொட்டைகள், மூங்கில் நார், மரப்பட்டை. "பாருங்க சார், இதுலயே முளைச்சிடும். காட்டுக்கு விதைக்கிறதே இவங்கதான்" என்றார். இன்னும் கிளறினார். கறுப்பாக ஒரு துண்டு வந்தது. நானும் குனிந்து பார்த்தேன். தக்காளித் தோட்டத்தில் விரிக்கிற மூடாக்கு பிளாஸ்டிக் ஷீட், உள்ளங்கை அளவு.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. யானை நம் கொல்லைக்குள் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். நம் கொல்லை யானையின் வயிற்றுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

தம்பி அந்தத் தடத்தைக் கையால் காட்டி விளக்கினார். கோடையில் காட்டுக்குள் குட்டை எல்லாம் வற்றினால் கூட்டம் ஆற்றுக்கு இறங்கும். ஒரு பெரிய யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், 150 கிலோ அளவுக்குத் தீவனம் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் காடு தாங்காது. அதனால் நடந்துகொண்டே இருக்கும். மழை பெய்து குட்டை நிரம்பினதும் மேட்டுக்கு ஏறும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் சின்னாறு பஞ்சப்பள்ளி வழியாக இறங்கி ஒகேனக்கல்லில் காவிரியில் சேருகிறது. ஓடை போகிற பள்ளம்தான் யானைக்கும் வசதியான வழி. அந்த வழியில் ஐப்பசி, கார்த்திகையில் ராகி பால் பிடித்து வாசனை அடிக்கும். நின்று சாப்பிடாமல் போகுமா?

"உங்க நிலம் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே, "அது அவங்க ரோடு சார். நீங்க ரோட்டு ஓரத்துல கடை போட்டிருக்கீங்க" என்றார்.

குறைந்தபட்ச இருப்பு

இந்த ஆற்றோரத்தில்தான் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையம் காவிரி நீரை அளக்கும் இடம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி கர்நாடகம் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்கிறோமே, அதை அளப்பது இங்கேதான். இரண்டு மாநிலமும் சண்டை போடுகிற அந்தக் கணக்குக்குள் இன்னொரு வரியும் இருக்கிறது. 2007-ல் நடுவர் மன்றம் மொத்தம் 740 டிஎம்சியைப் பங்கு பிரித்தபோது, சுற்றுச்சூழலுக்கென்று 10 டிஎம்சியைத் தனியாக ஒதுக்கியது. நம் கூட்டங்களில் காவிரியைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்த 10 டிஎம்சியைப் பற்றி ஒருவரும் பேசிக் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

பேங்கில் ஒவ்வொரு கணக்கிலும் குறைந்தபட்ச இருப்பு என்று ஒன்று உண்டு. அதை எடுத்தால் கணக்கு படுத்துவிடும். வறட்சியிலும் மடுவில் நிற்கிற அந்தத் தண்ணீர்தான் ஆற்றின் குறைந்தபட்ச இருப்பு. அது போனால் நீர்நாய் போகும், மீன் போகும். யானை போகாது. தண்ணீரைத் தேடி நம் தொட்டிக்கு வரும்.

நமக்கும் அந்த ஆற்றில் பங்கு இருக்கிறது. ஃப்ளூரைடு கலந்த போர் தண்ணீரைக் குடித்துப் பல் பழுப்பேறி, மூட்டு மடங்காமல் போனவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு நம் குழாயில் வருவது இந்தக் காவிரிதான். நீர்நாயும் நாமும் ஒரே மடுவில் குடிக்கிறோம். அப்படிப்பட்ட ஆற்றில் போய் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

திரும்பி வந்து செய்தது

அண்ணன் மகனிடம் போனில் கேட்டேன், அங்கே விவசாயிகள் என்ன செய்கிறார்கள் என்று. ஜாம்பசிப் பள்ளத்தாக்கில் மிளகாயைத்தான் காவலுக்கு வைக்கிறார்களாம். மிளகாய்த் தூளைச் சாணத்தில் பிசைந்து வறட்டியாகக் காய வைத்து, ராத்திரி கங்கு போட்டுப் புகைய விடுவது. யானைக்கு மோப்பம் அதிகம். அந்தக் காரம் தாங்காது. சாணமும் மிளகாயும் நமக்கா பஞ்சம்?

சென்ற பருவத்தில் நான் செய்தவை இவை.

ராகியைக் காட்டு ஓரத்திலிருந்து எடுத்து வீட்டுப் பக்கம் கொண்டு வந்தேன். காட்டு ஓரம் எள், மிளகாய், ஆமணக்கு. யானை இவற்றை விரும்பித் தின்பதில்லை. மிதித்துப் போகலாம், அது வேறு.

ஒரு கூடை சாணத்துக்கு அரை கிலோ இடித்த மிளகாய், விலை போகாத பழைய சரக்கு, சேர்த்து வறட்டி தட்டினோம். காற்று காட்டுப் பக்கம் வீசும்போதுதான் பயன். திருப்பி வீசினால் நாம்தான் தும்மிக்கொண்டு ஓட வேண்டும். பிசையும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

ராகி பால் பிடித்ததிலிருந்து அறுப்பு வரை, ஆறு குடும்பமும் முறை வைத்துப் பரணில் காவல். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் செய்தி. தனி ஆளாக யாரும் விரட்டப் போகக் கூடாது, குடித்துவிட்டுப் பரண் ஏறக் கூடாது என்று இரண்டு கட்டுப்பாடு.

அறுத்த தானியத்தையும் உப்பையும் வீட்டின் வெளித் திண்ணையில் வைப்பதை நிறுத்தினோம். வாசனைக்குச் சுவரை இடித்துக்கொண்டு வரும்.

சூரிய வேலி போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முறையான சூரிய வேலியில் மின்சாரம் ஒரு துளி நேரம் துடித்து நிற்கும். அடி விழும், உயிர் போகாது. மோட்டார் லைனிலிருந்து நேரே இழுத்த கம்பி பிடித்ததை விடாது. யானை, பன்றி, மாடு, மனுஷன் என்று பார்க்காது. 2023-ல் மின்வேலிகளுக்கென்றே தமிழக அரசு விதிகள் கொண்டு வந்திருக்கிறது. காட்டை ஒட்டிய நிலம் என்றால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, பதிவு செய்துவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் செய்தும் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மறைக்காமல் சொல்கிறேன். 2024 கார்த்திகையில் இரண்டு தடவை வந்தன. முதல் தடவை புகைக்குத் திரும்பிப் போயின. இரண்டாவது தடவை அன்றைக்குத் தூறல், வறட்டி நனைந்து புகையவில்லை. அரை ஏக்கர் ராகி போச்சு. மீதியில் எட்டு மூட்டை வீட்டுக்கு வந்தது. இழப்பீட்டுக்குப் படம் எடுத்து, நில ஆவணங்களோடு மனு கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை. அலைச்சல் உண்டு. ஆனால் மனு போடாமல் விட்டால், நமக்கு நஷ்டமே இல்லை என்றுதான் அரசாங்கக் கணக்கில் ஏறும். தயவுசெய்து ஒவ்வொரு தடவையும் போடுங்கள்.

இரண்டு மூட்டைக்கும் எட்டு மூட்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது. பதினாறு இல்லை. மீதியை யார் சுமப்பது என்பது விவசாயி ஒருவன் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. யானை நாட்டுக்கே சொந்தம் என்றால் அது தின்ற ராகியும் நாட்டுக் கணக்கில்தான் வர வேண்டும். இதை நம் இயக்கம் உரக்கக் கேட்க வேண்டும். அதே நேரம், மண்புழுவுக்காக உரத்தை நிறுத்திய நாம் யானைக்குக் கம்பி கட்டினால் நம் விவசாயத்துக்கு இயற்கை என்று பெயர் வைக்க முடியாது.

நீங்களும் ஒரு முறை போய் வாருங்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பரிசலில் உயிர்காக்கும் உடை போடாமல் ஏறாதீர்கள். வெள்ளக் காலத்தில் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சோப்பு, பிளாஸ்டிக், பாட்டில் எதுவும் ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டாம். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். அங்கேயே முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அந்தக் கம்பிச் சுருளைப் போன ஆடியில் எடுத்துப் பாகற்காய்ப் பந்தலுக்குக் கட்டிவிட்டேன். பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கொட்டகையிலும் ஒரு சுருள் இருப்பது எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது அவராகவே, "சார், அந்த மிளகா வறட்டிக்கு எங்க வீட்ல சாணம் நெறைய கெடக்குது. எப்ப தட்றீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

இந்த வருஷக் காவல் முறையில் ஏழாவது பெயர் அவருடையது.